முயல் எது என்று முதலில் கேள்

கோவில்பட்டி,
கார்த்திகை 12

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய நாய்க்குட்டியின் படத்தை உன் அத்தையிடம் காட்டினேன். "கன்னிக்குட்டி மாதிரியே இருக்கே, சீமையிலேயும் இது கிடைக்குதா?" என்று கேட்டாள். எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பால்வயிறு இன்னும் வற்றவில்லை, அதற்குள்ளேயே அந்தக் கால் நீளமும் ஒடுங்கிய முகமும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

"பாதி சலுக்கி, பாதி கிரேஹவுண்ட், ஆறு வாரம், நாளைக்குள் பதில் சொல்லணும் மாமா" என்று எழுதியிருக்கிறாய். நாளைக்குள் பதில் சொல்லு என்கிறவனிடம் நாயும் வாங்காதே, நிலமும் வாங்காதே. போனில் சொன்னால் "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டு மறுநாள் குட்டியோடு நிற்பாய். உங்கம்மா உன்னைப் பற்றி முன்பே எச்சரித்திருக்கிறாள். அதனால்தான் பேனா எடுத்தேன்.

1991 முதல் 2019 வரை நீ இப்போது இருக்கும் அதே லிங்கன்ஷயரில் இருந்தவன் நான். வாரத்தில் ஐந்து நாள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பேன். மீதி இரண்டு நாள் நாயோடு வரப்பில். அந்த வருஷங்களில் ஐந்து நாய்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நீ அனுப்பிய படத்தில் இருப்பதே போன்றது. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள். நமக்கு 'முயல்' ஒரே சொல். இங்கிலாந்தில் அது இரண்டு. ஒன்று ஹேர். வளை தோண்டாது, வெட்டவெளியில் சிறு பள்ளத்தில் ஒட்டிப் படுத்திருக்கும், குட்டி போட்டால் கண் திறந்து மயிரோடு பிறக்கும், எழுந்து ஓடினால் மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகம் தொடும். மற்றது ராபிட். வளையில் கூட்டமாக வாழும், குட்டி குருடாக அம்மணமாகப் பிறக்கும், ஆபத்து என்றால் முப்பது நாற்பது கஜம் ஓடி வளைக்குள் புகுந்துவிடும். நம் கரிசல்காட்டில் நீ பார்த்ததெல்லாம் ஹேர் வகைதான். ராபிட் நம் காட்டில் கிடையாது, கூண்டில்தான் உண்டு. கன்னியும் சிப்பிப்பாறையும் வெட்டவெளி முயலுக்காக வந்த நாய்கள். சலுக்கியும் அப்படித்தான், பாலைவனத்தில் மானையும் முயலையும் நெடுந்தூரம் விரட்டி வளர்ந்தது. அதனால்தான் அந்தக் குட்டியைப் பார்த்ததும் உனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஆனால் நீ இருக்கும் நாட்டில் நாயும் சட்டமும் இந்த இரண்டு முயல்களுக்கு நடுவே கோடு போட்டிருக்கின்றன. அந்தக் கோடு தெரியாமல் நாய் வாங்குவது, விதை தெரியாமல் உழுவது மாதிரி.

லர்ச்சர் என்று அங்கே எல்லா ஒல்லி நாயையும் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கண்ணால் பார்த்து விரட்டும் ஓட்டநாயை வேலைநாயோடு சேர்த்தால் லர்ச்சர். கிரேஹவுண்டும் கோலியும் சேர்ந்தது, விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் சேர்ந்தது எல்லாம் இந்த வகை. ஓட்டநாயோடு ஓட்டநாயே சேர்ந்தால் அது லாங்டாக். உன் குட்டி லாங்டாக். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. லர்ச்சர் ஏழையின் நாய். சட்டிக்கு எதையாவது கொண்டுவர வேண்டும், சத்தமில்லாமல் கொண்டுவர வேண்டும், கையில் கொடுக்க வேண்டும். கென்னல் கிளப் அதை ஓர் இனமாகவே ஏற்கவில்லை. வேலை செய்கிறதா இல்லையா என்பதுதான் அதன் சான்றிதழ். லாங்டாக்குக்கு ஒரே வேலை. ஓட்டம்.

சலுக்கி இங்கிலாந்துக்கு வந்தது பிரபுக்கள் வீட்டு வழியாக. ஃப்ளாரன்ஸ் ஆம்ஹர்ஸ்ட் என்ற சீமாட்டி 1895ல் கொண்டுவந்து வளர்த்தார். 1923ல் கென்னல் கிளப் அங்கீகாரம் கிடைத்தது. கண்காட்சியில் சீவி நிறுத்திய அந்த நாயை வயல்காட்டுக்கு இழுத்துவந்தவர்கள் வேறு ஆட்கள். கிரேஹவுண்ட் முதல் முன்னூறு கஜத்தில் வெடித்துக் கிளம்பும், பிறகு மூச்சு வாங்கும். ஹேர் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும். சட்டென்று திரும்பும், மறுபடி திரும்பும், நாய் நாலு கஜம் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் அது பக்கத்து வயலில் இருக்கும். ஃபென் பகுதியை நீயே பார்த்திருப்பாய். கண்ணுக்கெட்டிய தூரம் மேசைமாதிரி சமதரை, வேலி அபூர்வம், பெரும்பாலும் வாய்க்கால்தான். அங்கே இரண்டு மூன்று நிமிடம் விடாமல் ஓடும் நாய் வேண்டும். அதற்குத்தான் சலுக்கி ரத்தம். பாதி, கால், முக்கால், அதிலும் எட்டில் மூன்று என்று கணக்குப் போட்டுச் சேர்த்தார்கள். சலுக்கி கூடினால் கிளம்பும் வேகம் குறையும், குறைந்தால் தாக்குப்பிடிப்பது குறையும். ஆளாளுக்கு ஒரு வீதம், ஆளாளுக்கு ஒரு சத்தியம். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பது நம்மூர்ப் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அது அந்த ஊருக்கும் பொருந்தும்.

ஆக மாப்பிள்ளை, உன் குட்டி ஹேருக்காகவே செய்யப்பட்ட நாய். அந்த ஹேரை நாயை விட்டு விரட்டுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் குற்றம். 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. லங்காஷயரில் கிரேட் ஆல்ட்கர் என்ற ஊரில் 1836ல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை என்ற முயல் விரட்டும் போட்டி அந்த மாதமே கடைசியாக நடந்து முடிந்தது. அந்தக் கோப்பையில் முயலைக் கொன்றால்தான் வெற்றி என்று கிடையாது. எந்த நாய் அதை முன்னால் எட்டியது, எத்தனை முறை திருப்பியது என்று நடுவர் குதிரைமேல் இருந்து எண்ணுவார். மாஸ்டர் மக்ராத் என்ற அயர்லாந்து நாய் 1868, 1869, 1871 என்று மூன்று முறை வென்றதை இன்றும் அந்த ஊர்க் கிழவர்கள் நம் ஊர் ஆட்கள் எம்.ஜி.ஆர். படம் பேசுவதுபோல் பேசுவார்கள்.

சட்டம் வந்த பிறகு ஓட்டம் நிற்கவில்லை, திருட்டாகிவிட்டது. ஜீப்பில் வந்து கேட்டை உடைத்து, விதைத்த வயலில் ஓட்டி, பந்தயம் கட்டி ஓடவிட்டுப் போகிறார்கள். உங்கள் லிங்கன்ஷயர் போலீஸ் அதற்கென்றே 'ஆபரேஷன் கலிலியோ' என்று தனிப்படையே வைத்திருக்கிறது. 2022ல் வந்த சட்டம் இன்னும் கடுமை. ஹேரைத் தொடக்கூட வேண்டாம். நாயோடு அதைத் தேடும் நோக்கத்தில் அனுமதியில்லாத நிலத்தில் காலை வைத்தாலே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம். நாயைப் பறிமுதல் செய்து கொட்டிலில் வைத்த செலவையும் உன்னிடமே வாங்குவார்கள், இனி நாயே வைத்திருக்கக் கூடாது என்றும் தடை போடலாம். நீ விசாவில் இருக்கும் நர்ஸ். இதற்குமேல் நான் விளக்க வேண்டாம்.

நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வயல்காட்டுக்காரனுக்குத் தெரியாதே. நான் ஒருநாள் சாயங்காலம் அனுமதி வாங்கிய நிலத்து வாசலில்தான் வேனை நிறுத்தியிருந்தேன். பின்னால் நீளமூக்கு ஒன்று கண்ணாடியில் தெரிந்தது. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் போலீஸ் வண்டி. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நிலக்காரர் வந்து "இவர் நம்ம ஆள்தான்" என்று சொல்லும்வரை நான் வேனுக்குப் பக்கத்தில் நின்ற அந்த அரைமணி நேரம் இன்றும் மறக்கவில்லை. சலுக்கி முகம் அந்த ஊரில் ஒரு சந்தேகக் குறி. கறுத்த முகம் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது அவளைப் பற்றி. கறுப்பி என்று பெயர் வைத்திருந்தேன். 1996ல் வாங்கியது, பாதி சலுக்கி. அப்போது தடை கிடையாது. அவள் ஓடுவதை நீ பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய். மண்ணைத் தொடாமல் போவாள். ஆனால் கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்ப்பாள், யோசிப்பாள், அப்புறம் தன் வழியில் போவாள். கோலி ரத்தம் இருக்கிற நாய் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்கும். சலுக்கிக்கு நாம் எஜமான் இல்லை, கூட வருகிற ஆள். ஒரு மாசி மாதம் ஹேர் ஒன்றை விரட்டிக்கொண்டு மூன்று வயல் தாண்டிக் கண்ணுக்கு மறைந்தாள். அரைமணி தேடினேன். வாய்க்கால் கரையில் முள்கம்பி வேலிக்கு அப்பால் படுத்திருந்தாள். மார்பிலிருந்து விலாவரை தோல் சட்டைப்பை மாதிரிக் கிழிந்து தொங்கியது. ரத்தம் அதிகம் இல்லை. இந்த நாய்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பே கிடையாது, காகிதம் மாதிரிக் கிழியும். என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கால்நடை மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, ரத்தம் இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பயந்துபோனார். கிரேஹவுண்ட் ரத்தம் உள்ள நாய்க்குச் சிவப்பணுக்கள் இயல்பிலேயே மற்ற நாய்களைவிட அதிகம். நூற்றுக்கு ஐம்பது அறுபது என்றாலும் அதற்கு அது சாதாரணம். அடுத்து மயக்க மருந்து. அந்தக் காலத்தில் தயோபென்டோன் சகஜம். ஆனால் ஓட்டநாயின் ஈரல் அதை மெதுவாகத்தான் கழிக்கும், ஒதுங்கிக்கொள்ளக் கொழுப்பும் இல்லை. சாதாரண நாய் சீக்கிரம் எழுந்துவிடும், இது எழப் பல மணி நேரம் ஆகும். என் தொழிலே அதுதான் என்பதால் வாயைத் திறந்தேன். பெரிய டாக்டர் வந்து மருந்தை மாற்றினார். இருபத்தேழு தையல். எந்த ஓட்டநாயை வாங்கினாலும் மருத்துவரிடம் போகும் முதல் நாளே இந்த இரண்டையும் சொல்லி, அட்டையில் எழுதிவிடச் சொல். அடிபட்ட அன்று சொல்ல நமக்கு நிதானம் இருக்காது. நெடு ஓட்டத்துக்குப் பிறகு பின்கால் இறுகி, சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் தசை சிதைகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே.

கறுப்பி பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளை நான் அவிழ்த்துவிட்டதே இல்லை. பத்து வருஷம் கயிற்றில் நடந்தாள். அந்த ஓட்டத்துக்காகவே அவளை உருவாக்கிக் கொடுத்தவர்களும், வாங்கிக் கட்டிப்போட்ட நானும் சேர்ந்து செய்த தப்பு அது.

சரி, என்னதான் வாங்குவது என்று கேட்பாய். எதை விரட்ட உனக்கு அனுமதி உண்டோ அதற்கான நாயை வாங்கு. நிலத்துக்காரர் அனுமதியோடு ராபிட்டையும் எலியையும் நாயோடு பிடிக்க இங்கிலாந்தில் இன்றும் தடை இல்லை. ஸ்காட்லாந்துக்குப் போனால் கதை வேறு, 2023லிருந்து அங்கே ராபிட்டும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ராபிட் ஓட்டம் ஐந்து நொடியில் முடியும். உன் லாங்டாக் கால் நீட்டுவதற்குள் அது வளைக்குள் போய்விடும். நொடியில் கிளம்பி நொடியில் திரும்பும் நாய் வேண்டும். பெட்லிங்டனும் விப்பெட்டும் சேர்ந்தது, அல்லது முக்கால் கிரேஹவுண்ட் கால் கோலி. அழகு குறைவுதான். துடைப்பத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். என்னிடம் இருந்த மோலி அப்படித்தான். உன் அத்தை அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடமாட்டாள், 'விளக்குமாறு' என்பாள்.

அந்த விளக்குமாறு செய்த வேலையைச் சொல்கிறேன் கேள். பனிக்காலத்தில் ஃபெரட் வைத்துப் பிடிப்போம். ஃபெரட் என்றால் நம்ம கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள பிராணி, வளைக்குள் போய் முயலைக் கிளப்பும். ஒவ்வொரு வளை வாயிலும் சுருக்குவலை போட வேண்டும். ஆனால் எந்த வளையில் முயல் இருக்கிறது? மோலி கரையோரம் நடந்துகொண்டே போவாள். ஒரு வளையில் மூக்கை வைப்பாள், விட்டுவிடுவாள். அடுத்தது, விட்டுவிடுவாள். ஒன்றில் நின்று தலையைச் சாய்த்துக் காதை மண்ணுக்குக் கொடுப்பாள், ஒரு முன்காலை மெதுவாகத் தூக்குவாள். இருக்கிறது என்று அர்த்தம். அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வலையைத் தப்பி ஒன்று ஓடினால் நாலு பாய்ச்சலில் பிடித்து, உயிரோடு, பல் படாமல் என் கையில் கொண்டுவந்து வைப்பாள். பக்கத்தில் ஆட்டுக்கிடை நின்றால் ஏறிட்டும் பார்க்கமாட்டாள். இதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது ஓட்டத்தை அல்ல, நிற்பதை. நாலாம் மாதத்திலிருந்தே கயிற்றில் ஆட்டுக்கு நடுவே நடத்திப் பழக்கினேன். ஆட்டை விரட்டும் நாயை வேறு வழியில்லாதபோது நிலக்காரர் சுட்டாலும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். வயது ஒன்று நிரம்பும்வரை கடும் ஓட்டத்துக்கு விடாதே. எலும்பு முற்றாமல் ஓடிய நாய்க்கு நாலு வயதில் கிழடு தட்டிவிடும்.

ஆனால் நாய்க்கு முன்னால் நிலம். குட்டி வாங்கிவிட்டு அனுமதி தேடி அலைகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அவர்களில் பாதிப்பேர் கடைசியில் அனுமதியில்லாமலே இறங்கினார்கள். நீ முதலில் வெறுங்கையோடு போ. ஸ்பால்டிங் பக்கம் முட்டைக்கோஸ் போடுகிறவர்களுக்கு வரப்போரம் ராபிட் கடித்த வரிசைகள் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும், வாய்க்கால் கரைக்காரர்களுக்கு அது தோண்டும் வளை பெரிய தலைவலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலி கட்ட உதவு. தேநீர் குடி. அனுமதி கிடைத்தால் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வை. கிடைக்காமலும் போகலாம். 1953ல் கென்ட் பகுதியில் மிக்சோமடோசிஸ் நோய் வந்து அந்த நாட்டு ராபிட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழித்தது. மெல்ல மீண்டுவரும்போது 1992ல் ரத்தக்கசிவு நோய் வந்தது. சில கரைகளில் இன்று வளை மட்டும்தான் இருக்கிறது, முயல் இல்லை. அப்படியானால் நாய் வேண்டாம் மாப்பிள்ளை, சைக்கிள் வாங்கிக்கொள்.

அந்தக் குட்டி விற்கிறவனைப் பற்றி. உரிமம் உள்ளவர் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. உரிமம் இல்லாதவரும் சிப் பொருத்தாமல் கைமாற்றக்கூடாது. தாயைக் காட்டச் சொல். தாய் வெளியூரில் இருக்கிறது என்றால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடு.

இன்னொன்று எழுதியிருந்தாய்: "பெட்டையா வாங்கினா ரெண்டு வருஷத்தில குட்டி எடுக்கலாம், செலவு திரும்பிடும்." இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது கலப்புநாயில் ஒரு தலைமுறைக்குத்தான் செல்லும். சுத்த கிரேஹவுண்டும் சுத்த கோலியும் சேர்ந்த முதல் ஈற்றில் குட்டிகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். அந்தக் குட்டிகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்தால் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி. ஒன்று பாட்டன் கோலியாக ஆட்டை மடக்கும், ஒன்று ஓடும் ஆனால் கேட்காது, ஒன்று கேட்கும் ஆனால் ஓடாது. அறுபத்து மூன்று நாளில் எட்டுக் குட்டி வந்து நிற்கும். எட்டுக்கும் எட்டு நல்ல கை உனக்குத் தெரியுமா? வேட்டைக்காலம் முடிந்து மாசி பங்குனி வந்தால் அங்கே காப்பகங்களில் சேரும் லர்ச்சர்களைப் போய்ப் பார். காலில் பழைய வெட்டு, காதில் கிழிசல், சிப் இருந்த இடத்தில் கத்திக்கீறல். அவை அத்தனையும் யாரோ செலவைத் திரும்ப எடுக்க நினைத்துப் பிறப்பித்த குட்டிகள்தான்.

இங்கே மட்டும் என்ன வாழுதாம்? 2005 ஜனவரியில் தபால்தலையில் ராஜபாளையம் நாயைப் போட்டார்கள், பெருமைப்பட்டோம். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது நியாயம்தான், கரிசலில் முயலே அருகிவிட்டது. ஆனால் கன்னியை வீட்டு மாடியில் இரண்டடிச் சங்கிலியில் கட்டி ரீல்ஸ் எடுக்கிறார்கள். நேற்று பக்கத்துத் தெருவில் ஒன்றைப் பார்த்தேன். வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தது, தரையில் தடம் விழுந்திருக்கிறது.

ஸ்பால்டிங்கில் என் பழைய கூட்டாளி ஒருவரின் கொட்டகையில் என் சாமான் பெட்டி இன்னும் இருக்கிறது. அவர் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். பெட்டியில் ஃபெரட் கூடையும் நாற்பது சுருக்குவலையும் இருக்கும். எலி கடித்த வலைகளைப் பிரித்து வைத்துவிடு. அவருடைய பழைய பெட்டை லர்ச்சர் இன்னும் உயிரோடு இருக்கிறதாம், பல் பாதி போய்விட்டது, மூக்கு போகவில்லை. இந்தப் பனிக்காலம் முழுக்க அவரோடும் அதோடும் சும்மா நட. நாயைப் பற்றி அடுத்த கார்த்திகையில் பேசுவோம். வலையை விரிக்கும்போது எண்ணு, எடுக்கும்போதும் எண்ணு. ஒன்று குறைந்தால் இருட்டினாலும் பரவாயில்லை, கிடைக்கும்வரை கரையை விட்டு நகராதே. மறந்த வலையில் யார் வீட்டுப் பூனையோ ராத்திரி முழுக்கக் கிடக்கும்.

அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் போடு.

இப்படிக்கு,
மாமா